மைனருக்குக் கொடுத்த கருப்பட்டி

முன்னங்கால் இரண்டையும் நீட்டி, உடம்பின் பாரத்தையெல்லாம் பின்னால் சாய்த்து மைனர் நின்ற கோலம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. சோம்பல் முறிக்கிறது என்று சிரித்தவள் நான். இப்போது கடற்கரையில் எந்தக் குதிரையைக் கண்டாலும் என் கண் நேராகக் காலுக்குத்தான் போகிறது.

மைனர் என் அண்ணனின் குதிரை. தூத்துக்குடிக் கடற்கரையில் பிள்ளைகளை அதன்மேல் ஏற்றி நடத்திக்கொண்டு போவதுதான் அவனுக்குத் தொழில். வேலை முடிந்ததும் ஒரு துண்டுக் கருப்பட்டியை அதன் வாயில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவான். ஒரு சித்திரையில் மாரடைப்பில் போய்விட்டான்.

மதினி அழுததைவிடக் குதிரைக்கு ஊட்டியதுதான் அதிகம். அது வாசலையே பார்க்கிறது, அவரைத் தேடுகிறது என்பாள். கருப்பட்டி இல்லாமல் கொட்டகைப் பக்கம் போகமாட்டாள். ஊறவைத்த கொள்ளு வேறு வாளி வாளியாக. துறைமுகத்தில் ஆபீஸ் முடிந்து வரும்போது உடன்குடிக் கருப்பட்டி வாங்கி வந்து கொடுத்த புண்ணியவதி நானேதான். அதன் வாயைக் கவனித்த நாங்கள் இருவரும் காலைக் குனிந்து பார்க்கவில்லை. குளம்பு சீவுவதெல்லாம் அண்ணன் பார்த்துக்கொண்ட காரியம்.

மைனர் அடியெடுக்க முடியாமல் நொண்டி, மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்தபோது குளம்பு நீண்டு நுனி மேலே வளைந்திருந்தது. தொட்டால் சுட்டது.

"பட்டினி போட்டுக் கெடுத்த குதிரையப் பாத்திருக்கேன். ஊட்டிக் கெடுத்தத இப்பத்தான் பாக்கேன்" என்றார்.

இனிப்பும் தானியமும் மிஞ்சிப் போனதால் குளம்புக்குள்ளே வீங்கிவிட்டதாம். அந்த வலி தாங்காமல்தான் காலை நீட்டிப் பின்னால் சாய்ந்து நின்றதாம். இப்படியே விட்டால் படுத்துவிடும், படுத்தால் ஊசி போட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்றார். மதினி முந்தானையில் முடிந்து வைத்திருந்த கருப்பட்டியை அவிழ்த்து வெளியே எறிந்தாள்.

அதன் பிறகு பத்து மாதம். காய்ந்த புல் மட்டும், காலுக்கடியில் கனமாக மணல், வலிக்கு மருந்து. லாடம் அடிப்பவரைக் கூட்டி வந்து, ஒரேயடியாக வெட்டாமல் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் குளம்பை ராவச் சொன்னார் டாக்டர். மதினிதான் காலைத் தன் மடியில் ஏந்திக்கொள்வாள். எல்லாவற்றையும்விடக் கொடுமை, மைனர் அவள் முந்தானையை மோந்து மோந்து பார்த்ததுதான். அவள் வெறுங்கையை விரித்துக் காட்டுவாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

புதுக் குளம்பு இறங்கி, அது நொண்டாமல் நடந்த வாரம், ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் குதிரை வளர்க்கும் ஒருவரிடம் மைனரைக் கொடுத்துவிடப் போவதாக மதினி சொன்னாள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. இத்தனை பாடுபட்டது இதற்குத்தானா என்று கத்தினேன்.

"ஏளா, என் கைய எனக்குத் தெரியும். அவுக நெனப்பு வந்தா ஒருநாள் கருப்பட்டியக் குடுத்துருவேன்" என்றாள்.

வண்டி வந்தது. சாய்த்து வைத்த பலகையில் மைனர் யாரும் இழுக்காமல், நாலு காலையும் அழுத்தி ஊன்றித் தானாகவே ஏறியது. திரும்பிப் பார்க்கும் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. மதினி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவள் கண்ணீர் வாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தியாளா, எப்படி நடந்து போவுது!"