சதுப்பில் இரண்டு இழுப்பு

நம்பினால் நம்புங்கள், நடந்ததற்கு மேல் ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை.

நான் உயிரியல் டீச்சர். தவளைகளைச் சத்தத்தை வைத்தே இனம் பிரிக்க, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைச் சதுப்பு நிலத்துக்குக் கூட்டிப்போனேன். பேச்சுக் கேட்டாலோ டார்ச் அடித்தாலோ தவளைகள் வாயை மூடிக்கொள்ளும். அதனால் இருட்டில் எல்லோரும் ஒரே கயிற்றைப் பிடித்து வரிசையாக நடக்க வேண்டும். முன்னால் நான், கடைசியில் பி.டி. மாஸ்டர். சேற்றில் கால் மாட்டினால் கயிற்றை இரண்டு முறை இழுக்க வேண்டும். அன்று பஸ்ஸில் வரும்போது நானே யோசித்துச் சொன்ன ஏற்பாடு.

போன இடத்தில் மாஸ்டருக்கு வயிற்றைக் கலக்கி, பஸ்ஸிலேயே சுருண்டுவிட்டார். அப்போதே திரும்பியிருக்கலாம். புத்தி வேலை செய்யவில்லை. வாலிபால் கேப்டனைக் கடைசியில் நிறுத்தினேன். நல்ல திடமான பெண்.

மாலை 6.40. தவளைகள் காதைக் கிழித்துக்கொண்டிருந்தன. சட்டென்று எல்லாம் ஒன்றாக நின்றன.

கயிறு இரண்டு முறை இழுபட்டது.

"யாருக்கு மாட்டிக்கிச்சு?"

"எனக்கில்ல டீச்சர்..."

"எனக்கும் இல்ல..."

கடைசியில் கேப்டனின் குரல். "டீச்சர்... எனக்குப் பின்னாடியிருந்து யாரோ இழுக்கறாங்க."

அவளுக்குப் பின்னால் யாருமில்லை. மிச்சக் கயிறு தண்ணீரில் கிடந்தது.

"கயித்த விடும்மா!"

"முடியல... கையில சுத்திக்கிட்டேன்..."

மற்றவர்களை அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு ஓடினேன். முழங்கால் வரை சேறு. ஒரு காலைப் பிடுங்கினால் மறுகால் புதைந்தது.

டார்ச் அடித்தேன். இடுப்பளவு தண்ணீரில் கேப்டன். கயிறு விறைப்பாகத் தண்ணீருக்குள் போயிருந்தது.

இரண்டு இழுப்பு...

அவள் மார்பளவுக்குப் போனாள்.

மறுபடி இரண்டு...

முதலுதவிப் பையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தேன். வெட்டினேன்.

தண்ணீரில் சின்ன அலைகூட இல்லை.

பஸ்ஸில் தலை எண்ணினேன். எல்லாப் பிள்ளைகளும் இருந்தார்கள். வனக்காவலரைக் கேட்டேன். "இங்க யாரும் செத்ததும் இல்ல, காணாமப் போனதும் இல்ல, மேடம்." நெஞ்சு லேசானது.

தவளைச் சத்தத்துக்காக என் சட்டைப் பையில் போன் பதிவு செய்தபடியே இருந்திருக்கிறது. மறுநாள் போட்டுக் கேட்டேன். கத்தரிக்கோல் சத்தத்துக்குச் சற்று முன்னால், என் காதருகே பேசியதுபோல், ஒரு பிள்ளையின் குரல்.

"வெட்டாதீங்க டீச்சர்... நானும் உங்க கிளாஸ்தான்."