கலர் டிரஸ் வகுப்பு

எங்கள் ஊர்ப்பக்கம் ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்தால் லீவு என்பதெல்லாம் வெறும் பேச்சு. வெள்ளிக்கிழமை கடைசிப் பரீட்சை என்றால் திங்கட்கிழமை பத்தாம் வகுப்பு தொடங்கிவிடும். மே மாதத்தில் வகுப்பு நடத்தக் கூடாது என்று கல்வி அலுவலகத்திலிருந்து வருடா வருடம் சர்க்குலர் வரும். தனியார் பள்ளிகளும் வருடா வருடம் அதற்கு ஒரே வழியைத்தான் கையாண்டன. கேட்டைச் சாத்து, பிள்ளைகளைக் கலர் டிரஸ்ஸில் வரச் சொல். யூனிஃபார்ம் போடாமல் உட்கார்ந்திருந்தால் அது பள்ளிக்கூடம் இல்லையாம். அதே பெஞ்சு, அதே டீச்சர், அதே பிரம்பு. சட்டை மட்டும் மஞ்சள், பச்சை, பூப்போட்டது. யார் கண்ணில் மண்ணைத் தூவ இந்த வேஷம் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது இரண்டாயிரத்து ஏழில். எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு விழுப்புரத்தில் வீட்டில் உட்கார்ந்து வேலைக்கு மனு போட்டுக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து என்பது ஒரு பேச்சுக்குத்தான், எனக்கு ஓர் இடத்தில் உட்காரவே வராது. திண்டிவனத்தில் சில பேராசிரியர்கள் சேர்ந்து, ஒன்பது முடித்த பிள்ளைகளுக்கு மே மாதம் மூன்று வாரம் அறிவியல் முகாம் நடத்தப் போகிறார்கள் என்று காதில் விழுந்ததும், யாரும் கூப்பிடாமலே போய் நின்றேன். முப்பது இடம். தங்க இடமும் சாப்பாடும் இலவசம். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆய்வுக்கூடத்திலேயே கிடக்கலாம். எனக்கு அந்த வயதில் யாராவது அப்படி ஒன்று கொடுத்திருந்தால் சோறுகூடக் கேட்டிருக்க மாட்டேன்.

முகாமின் ஒருங்கிணைப்பாளர் ஒரு வேதியியல் பேராசிரியர். நல்ல மனிதர். யார் மனமும் நோகக் கூடாது என்பது அவருடைய கொள்கை, நோய் என்றும் சொல்லலாம்.

"மார்க் ஷீட்ட வாங்கி வரிசையா அடுக்கும்மா. மேலருந்து முப்பது எடுத்துடலாம். ஜல்தி முடிஞ்சிடும்" என்றார்.

"சார், அப்டி எடுத்தா மனப்பாடம் பண்றவங்கதான் வருவாங்க. அவங்களுக்கு எதுக்கு சார் லேப்? ஒரு பாய் குடுத்தா போதும், உக்காந்து உருப்போட்டுக்கினு இருப்பாங்க."

"பின்ன நீ எப்டி எடுப்ப?"

"ஒரு நூலு, ரெண்டு கல்லு குடுங்க சார். நான் எடுத்துக் காட்றேன்."

சிரித்தார். ஆனால் தடுக்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விழுப்புரத்தில் ஒரு பள்ளியின் மாடியை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டோம். கோலியனூரிலிருந்தும் கண்டாச்சிபுரத்திலிருந்தும் எங்கெங்கோ இருந்தும் பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு முழம் நூல், ஒரு பெரிய கல், ஒரு சின்னக் கல். கரும்பலகையில் எழுதிப் போட்டேன்: கல்லை நூலில் கட்டி ஆடவிடு. சீக்கிரம் ஆடுவதும் மெதுவாக ஆடுவதும் எதைப் பொறுத்தது? கண்டுபிடி.

ஒரு பையன் கையைத் தூக்கினான்.

"மிஸ், இது எந்த லெசன் மிஸ்?"

"எந்த லெசனும் இல்லப்பா."

"அப்ப எத எழுதறது மிஸ்?"

பாதிப் பேர் கல்லைத் தொடவே இல்லை. தாளில் மார்ஜின் போட்டு அலைவு என்றால் என்ன என்று வரையறை எழுதினார்கள். கையில் வாட்ச் கட்டியிருந்தவர்கள் எண்ணத் தொடங்கினார்கள். வாட்ச் இல்லாதவர்கள் முழித்தார்கள். ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் மட்டும் பக்கத்தில் இருந்தவளை நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், உன் நூல குடுடி. தோ தந்துடறேன்."

"மிஸ் திட்டுவாங்கடி."

"திட்னா நான் வாங்கிக்கிறேன். குடுடின்னா!"

வாங்கினாள். ஒரு நூலில் பெரிய கல், இன்னொன்றில் சின்னக் கல். இரண்டையும் ஒரே நீளத்துக்கு ஜன்னல் கம்பியில் கட்டி, இரண்டு கையாலும் பிடித்து ஒரே நேரத்தில் விட்டாள். வாட்ச் எதற்கு? எது முந்துகிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாமே! அப்புறம் ஒரு நூலைக் குட்டையாக்கி மறுபடி விட்டாள். நான் பின்னால் போய் நின்றதே அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது பயப்படவும் இல்லை. எல்லோரும் மிஸ் என்று கூப்பிட, அவள் என்னைப் பார்த்த மாத்திரத்தில் அக்கா ஆக்கிவிட்டாள்.

"அக்கா, பெரிய கல்லுதான் ஜல்தியா வரும்னு நெனச்சேன். ரெண்டும் ஒண்ணாவே வந்துக்கினு இருக்கு. ஏன்க்கா?"

"நீ என்னா நெனைக்கிற?"

"அதான் தெரியலன்றேன்ல."

எனக்குக் கைகால் ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷம். "முகாமுக்கு வா. மூணு வாரம் இருக்கு. நீயே கண்டுபிடிப்ப" என்றேன்.

அவளுடைய அப்பா கீழே சைக்கிள் ஸ்டாண்டு நிழலில் காத்திருந்தார். கண்டாச்சிபுரத்துக்குப் பக்கத்து ஊர். சொந்த நிலத்தில் வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, போடுகிறவர். என்னிடம் இரண்டே கேள்விகள் கேட்டார்.

"பொம்பள புள்ளைங்களுக்குத் தனி ஹாஸ்டலுங்களா?"

"ஆமாங்க."

"ஞாயித்துக்கெழம பூசைக்குப் போவ பக்கத்துல கோயில் இருக்குதுங்களா?"

"சர்ச்சு நடந்து போற தூரம்தாங்க. நானே கூட்டிக்கினு போறேன்."

"அப்ப அனுப்பறேங்க" என்றார். முடிந்தது. அப்படித்தான் நினைத்தேன்.

முப்பது பேரில் முதல் பெயர் அவளுடையது. பேராசிரியரே ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு விதி வைத்திருந்தோம்: பிள்ளை படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியர் சம்மதம் தர வேண்டும். மற்ற எல்லோருக்கும் வந்துவிட்டது. அவளுக்கு மட்டும் வரவில்லை. நேரில் கேட்டுவிடலாம் என்று நானே பஸ் ஏறினேன்.

கண்டாச்சிபுரத்தில் அந்தப் பள்ளியின் கேட்டில் சங்கிலி போட்டிருந்தது. வாட்ச்மேன் ஸ்டூலை விட்டு எழவில்லை.

"லீவும்மா. யாரும் இல்ல."

மாடியிலிருந்து ஐம்பது அறுபது குரல் ஒன்றாக எதையோ ஒப்பித்துக்கொண்டிருந்தது.

"அப்ப மேல கத்தறது யாருங்க?"

"அதுவா? அது டியூஷன்."

உள்ளே போனேன். வராந்தாவிலிருந்து பார்த்தால் பூந்தோட்டம் மாதிரி இருந்தது வகுப்பு. மூன்றாவது பெஞ்சில் அவள், மஞ்சள் சுடிதார். என்னைப் பார்த்ததும் பாதி எழுந்தாள். மேஜையில் பிரம்பு தட்டும் சத்தம் கேட்டு உட்கார்ந்துகொண்டாள்.

தலைமையாசிரியை என்னை மரியாதையாகத்தான் நடத்தினார். மோர் வரவழைத்தார். மோரைக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, "அந்தப் பொண்ண மட்டும் கேக்காதம்மா. அவதான் எங்க ஸ்டேட் ரேங்க்" என்றார். வாங்கப் போகிறாள் என்றில்லை. ஏற்கெனவே வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிய மாதிரி.

"மூணே வாரம்தான் மேடம்."

"மே முடியறதுக்குள்ள பாதி போர்ஷன முடிச்சாவணும்மா."

"பரீட்ச அடுத்த மார்ச்சுலதான மேடம்?"

"அதான் சொல்றேன், நாளே இல்ல."

"லீவுல கிளாஸ் எடுக்கக் கூடாதுன்னு சர்க்குலர் இருக்கே மேடம்."

"யார் கிளாஸ் எடுக்கறா? யூனிஃபார்ம் போட்டாங்களா, பாத்தியா?" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். பிறகு குரலைத் தணித்தார். "அவள ஃபீஸ் வாங்காம படிக்க வச்சிருக்கோம்மா. சும்மாவா?"

"அப்ப அவ உங்க நெலத்துல போட்ட பயிரா மேடம்?"

என் வாய் அப்படி. வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்தேன். அவருக்குக் கோபமே வரவில்லை.

"சின்ன வயசு, பேசுற. உனக்கு ஆளுதான வேணும்? வேற ஒரு பையனத் தர்றேன். அவன் இங்க இருந்தா எங்க பாஸ் பர்சன்டேஜே படுத்துடும். மூணு வாரம் எதுக்கு, ஸ்கூல் தெறக்கற வரிக்கும் வச்சிக்கோங்க."

சொத்தையைத் தள்ளிவிடுகிற மாதிரி ஒரு பிள்ளையை! அந்த அறையில் எப்படி எழுந்து நின்றேன், எப்படி வெளியே வந்தேன் என்று நினைவில்லை. நேராக அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். கல்வி அலுவலருக்கு மனு எழுதப் போகிறேன், நீங்களும் கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்கத்தான். அப்பாவும் அம்மாவும் பிடுங்கிவந்த செடியிலிருந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். நான் கொட்டித் தீர்த்ததை முழுக்கக் கேட்டார் அப்பா. கை நிற்கவில்லை.

"எழுதிப்புடாதீங்கம்மா" என்றார். "நீங்க எழுதுனா ஆபீசர் வருவாரு. ஒரு நாளு பூட்டுவாங்க. மறாநாளு தெறந்துக்குவாங்க. எம்பொண்ணு டிசியத்தான் கிழிச்சிக் கையில குடுப்பாங்க. ப்ளஸ் டூ வரிக்கும் அங்கதாங்க அவ."

"படிக்கத்தான வச்சிக்கினு இருக்காங்க?" என்றார் அம்மா. "அடிக்கவா செய்றாங்க?"

அந்த மனுவை நான் எழுதவே இல்லை. புறப்படும்போது ஒரு பை நிறையப் பச்சை மல்லாட்டை கொடுத்தார்கள். பஸ்ஸில் விழுப்புரம் வரும்வரை அதை உடைத்து உடைத்துத் தின்றேன், ஒவ்வொன்றையும் யாருடைய மண்டையோ மாதிரி நினைத்துக்கொண்டு.

தலைமையாசிரியை போன் செய்து பேசியதில், திண்டிவனத்தில் பேராசிரியர் அதற்குள் முடிவெடுத்திருந்தார். அந்தப் பையனைச் சேர்த்துக்கொண்டாயிற்று.

"சார், அவன் செலக்‌ஷனுக்கே வரல சார்!"

"அடுத்த வருஷமும் அவங்க கேட்டாண்டதாம்மா போயி நிக்கணும். எதுக்குப் பேஜாரு?"

பையன் வந்தான். ஒரு இரும்புப் பெட்டியும், தன்னை எதற்கு அனுப்பினார்கள் என்று தெரியாத முகமுமாக. அவன்மேல் கோபப்படலாம் என்றுதான் இருந்தேன், விடவில்லை அவன். இரண்டாம் நாள் ஒரு லென்ஸ் கையில் கிடைத்தது. அறைக்கதவைச் சாத்தி, ஜன்னலுக்கு எதிர்ச் சுவருக்கு முன்னால் லென்ஸைப் பிடித்து, "மிஸ், ஓடியாங்க! வேப்பமரம் தலகீழா நிக்குது மிஸ்!" என்று கத்தினான். சமையல்கார அம்மாவரை எல்லோரையும் இழுத்துவந்து காட்டினான். அன்றைக்கு என் கோபம் இரண்டு மடங்கானது. பூட்டிவைத்தவளையும் அவர்களுக்குத் தெரியவில்லை, தள்ளிவிட்டவனையும் தெரியவில்லை. இவர்கள்தான் எங்கள் மாவட்டத்துக்கே படிப்புச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

அடுத்த வருடம் ரிசல்ட் வந்தது. அந்தப் பெண்ணுக்கு ஸ்டேட் ரேங்க் இல்லை, பள்ளியில் முதலிடம். அறிவியலில் நூற்றுக்கு நூறு. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். தாளாளரின் படம் ஆள் உயரம், அவருடைய முழங்கை ஓரமாக அவள், ரேஷன் கார்டு போட்டோ அளவுக்கு.

அதற்கும் அடுத்த மே மாதம் அவளை மறுபடி பார்த்தேன். அதே பஸ் ஸ்டாண்டு. அந்த ஃபிளெக்ஸ் கம்பத்திலிருந்து இறங்கி, ஒரு நுங்கு வண்டிக்குக் கூரையாகியிருந்தது. தாளாளரை மடித்துக் கட்டியிருந்தார்கள். அந்த நிழலில் நின்றுகொண்டிருந்தாள், கையில் சணல் போட்டுக் கட்டிய புத்தகக் கட்டோடு, பூப்போட்ட சுடிதாரில்.

"அக்கா!"

"லீவுல எங்க சுத்தற?"

"கைடு வாங்க வந்தேன்க்கா. ப்ளஸ் டூ ஆரமிச்சிட்டாங்க. மத்தியானம் கிளாஸ்."

"கலர் டிரஸ்ஸா?"

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"அந்தக் கல்லு ஞாபகம் இருக்கா? ரெண்டும் ஏன் ஒண்ணா வந்துச்சுன்னு கேட்டியே."

"ஓ, அதுவா! ப்ராக்டிகல்ல வந்துச்சுக்கா. சிம்பிள் பெண்டுலம். ஃபார்முலாவுல எடையே இல்லக்கா. நீளமும் ஜியும் மட்டும்தான்." கடகடவென்று வந்தது, மாடியிலிருந்து அன்று கேட்ட அதே ராகத்தில்.

"அதான், ஏன் இல்ல?"

"அது போர்ஷன்ல இல்லக்கா."

வெட்கப்படாமல் சொன்னாள். கடையில் சரக்கு இல்லை என்று சொல்வது போல. எனக்கு அந்த ஃபிளெக்ஸை அப்படியே பிடித்து இழுத்துக் கிழிக்க வேண்டும் போல் இருந்தது. நுங்கு விற்கிற அம்மாவின் நிழல் போய்விடுமே என்று நின்றேன். அதற்குள் கண்டாச்சிபுரம் பஸ் வந்துவிட்டது. முண்டியடித்து ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்தாள். பஸ் பின்னால் நகர்ந்து திரும்பும்போது தலை வெளியே வந்தது.

"அக்கா! ஏன்க்கா இல்ல?"

நான் ஓடினேன். பஸ் ஸ்டாண்டே பார்க்கட்டும் என்று கத்திக்கொண்டே ஓடினேன். "பெருச பூமி அதிகமா இழுக்குது! ஆனா பெருச அசைக்கறதும் அதே அளவுக்குக் கஷ்டம்! ரெண்டுக்கும் சரியாப் போச்சு!"

"என்னாக்கா? கேக்கல!"

"இழுக்கறது அதிகம்! அசைக்கறது—"

"எம்மா!" படியில் தொங்கிய கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "ஏறுறதுன்னா ஏறு. இல்லன்னா வுடு. பஸ்ஸாண்ட என்னா பாடம் நடத்திக்கினு வர்ற?"

ஏறிவிட்டேன். எனக்கு அன்றைக்குப் போக வேண்டிய இடம் வேறு. கண்டாச்சிபுரம் ஒன்று என்று டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தால், அவள் கைடுக் கட்டைப் பிரித்துச் சணலை இரண்டாக அறுக்கப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். கைடுகள் சரிந்து கீழே, யார் யார் காலடியிலோ போய்க்கொண்டிருந்தன.

"பஸ்ஸே ஆடிக்கினு இருக்கேக்கா" என்றாள். "இதுல கட்டித் தொங்கவுட்டா எது ஆடுதுன்னு எப்டிப் பாக்கறது?"