சிவப்பு ராக்கெட்

பேரன் ஒரு பிளாஸ்டிக் விண்கப்பலை ஒட்டி முடித்து வண்ணம் பூசிக்கொண்டிருக்கிறான். பெயின்ட் வாசனை மூக்கில் ஏறியதும் தக்கலையில் எங்கள் பழைய வீட்டுக்குப் போய்விட்டேன்.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. எங்கள் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. சிங்கப்பூர் மாமா வாங்கிவந்த ராக்கெட்டை அக்காவும் நானும் துண்டு துண்டாக ஒட்டி முடித்திருந்தோம். வெள்ளி நிறம் பூசுவதாகத்தான் பேச்சு.

ஒரு நாள் விடிகாலையில் அக்கா பெயின்ட் டப்பாவோடு புறவாசல் வழியாக ஓடிவந்தாள். இரு கைகளிலும் சிவப்பு. கழுவ நேரமில்லை, வாசலில் போலீஸ் ஜீப் வந்து நின்றுவிட்டது. அவள் சட்டென்று ராக்கெட்டை எடுத்து அந்தச் சிவப்பையே பூச ஆரம்பித்தாள்.

உள்ளே வந்த போலீஸ்காரர் அவள் கைகளைப் பார்த்தார். "சந்தை மதில்ல கோஷம் எழுதினது நீதானா?"

"இல்ல சார். தங்கச்சிக்க ராக்கெட்டுக்குப் பெயின்ட் அடிக்கேன்."

அவர் ராக்கெட் வந்த அட்டைப்பெட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார். "படத்துல வெள்ளியாக்கும் இருக்கு?"

அம்மா சுவரோடு ஒட்டி நின்றாள்.

"எனக்குச் செவப்புதான் வேணும்னு அழுதேன்" என்றேன். அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பெட்டியைக் கீழே போட்டுவிட்டு வெளியேறினார்.

ஜீப் சத்தம் தேய்ந்த பிறகும் அக்கா பிரஷை வைக்கவில்லை. வால்வரை பூசி முடித்தாள். அப்புறம்தான் என்னை இழுத்துக் கட்டிக்கொண்டு அழுதாள். என் சட்டையெல்லாம் பெயின்ட். அம்மா அன்று எங்களை ஒரு வார்த்தை வையவில்லை.