அனுஷ நட்சத்திரக்காரி

நான்கு மாதம் முதுகில் ஒரு பையைச் சுமந்துகொண்டு வியட்நாம், லாவோஸ், கம்போடியா என்று தனியாகச் சுற்றிவிட்டு வந்தேன். கேட்டவர்கள் எல்லோரும் "தனியாவா?" என்று கண்ணை விரித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் அந்தப் பெருமையைச் சொல்லிக்கொள்ள முடியாமல் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது என் வீடு. என் அம்மாவைப் பொறுத்தவரை நான் தனியாகப் போகவில்லை, ஆபீஸ் தோழி ஒருத்தியுடன் போனேன். அப்படி ஒருத்தி கிடையாது.

மயிலாப்பூரில் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டாவது மாடியில் அம்மாவும் நானும் இருக்கிறோம். தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருந்த அப்பா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஈக்காட்டுத்தாங்கலில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை, முப்பத்து மூன்று வயதில், அலுத்துப்போய் விட்டுவிட்டேன். தனியாக ஊர் சுற்றப் போகிறேன் என்றால் அம்மா தடுத்திருக்க மாட்டாள். ஆனால் தூங்கியிருக்க மாட்டாள். பஸ் அரைமணி தாமதமானாலே வாசல் கிரில்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள். அவளுக்காகத்தான் பொய் சொன்னேன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டேன். இப்போது யோசித்தால், அந்தப் பயந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே கிளம்ப எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

அம்மா அந்தத் தோழியின் பெயரைக் கேட்டாள். வாயில் வந்ததைச் சொன்னேன். அதை இங்கே எழுதப் போவதில்லை, எங்கள் தெருவிலேயே அந்தப் பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள். அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குக் கிளம்பும்போது, "அந்தப் பொண்ணு என்ன நட்சத்திரம்?" என்றாள்.

"எதுக்கும்மா?"

"ரெண்டு பேரும் சேர்ந்துதானே போறீங்க? உனக்கு மட்டும் அர்ச்சனை பண்ணா நல்லாவா இருக்கும்?"

அனுஷம் என்றேன். என்னுடையது கேட்டை. அதற்கு முந்தைய நட்சத்திரம் என்பதால் நாக்கில் வந்திருக்க வேண்டும். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "அனுஷமும் விருச்சிகம், கேட்டையும் விருச்சிகம். ஒருத்திக்கு நேரம் சரியில்லன்னா இன்னொருத்திக்கும் சேர்ந்தே வருமே" என்று கவலைப்பட்டாள். இல்லாத ஒருத்தியைப் படைக்கும்போது ராசியையாவது பார்த்துப் படைத்திருக்கலாம். அன்றிலிருந்து அர்ச்சனையோடு நவக்கிரகம் சுற்றுவதும் சேர்ந்துகொண்டது.

கிளம்புகிற அன்று பருப்புப்பொடி இரண்டு பொட்டலம், மிளகாய்ப்பொடி இரண்டு பொட்டலம், ஊறுகாய் இரண்டு பாட்டில், கைமுறுக்கு இரண்டு டப்பா எல்லாம் கட்டி வைத்திருந்தாள். "அவ பங்கை அவகிட்ட குடுத்துடு. எல்லாத்தையும் நீயே தின்னுடாத." அவள் பங்கையும் நானே சுமந்து, நானே தின்றேன். முதலில் போய் இறங்கிய ஹனோயில் முதல் வாரம் தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்ததற்குப் பாதிக் காரணம் அவள்தான்.

தினமும் சாயங்காலம் அம்மா வீடியோவில் கூப்பிடுவாள். "எங்க அவ?" என்பாள். குளிக்கப் போயிருக்கிறாள் என்பேன். மறுநாளும் குளிக்கப் போயிருப்பாள். "இப்படிக் குளிச்சா சளி பிடிக்கும்னு சொல்லு" என்று ஒருநாள் எரிச்சல்பட்டாள். பிறகு அவளுக்கு கேமராவைக் கண்டால் கூச்சம் என்று ஒரு குணத்தைக் கொடுத்தேன். அம்மா அதை உடனே ஏற்றுக்கொண்டாள், அனுஷக்காரர்கள் கொஞ்சம் அடக்கமாகத்தான் இருப்பார்களாம்.

அடக்கமானவள் என்று அம்மா நினைத்தவளிடம் நான் ஒவ்வொன்றாக வேலைகளை ஒப்படைக்க ஆரம்பித்தேன். வியட்நாமின் வடக்கு மலையில், முன்பின் தெரியாத ஓர் ஆளின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து மூன்று நாள் போனேன். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம், நடுவில் மேகம். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னால் அம்மா பயப்படுவாள். அதனால் தோழி போனாள் என்று சொன்னேன். "நீ?" என்றாள் அம்மா. "நான் ரூம்லயே இருந்துட்டேன்." "நல்ல வேளை" என்றாள். மெக்கோங் ஆற்றில் இரண்டு நாள் படகுப் பயணத்தில், படகு நின்ற ஒரு மணல் திட்டில் இறங்கி நீந்தியதும் அவள்தான். கரையில் துணிமணிகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தது நான். இப்படியே நான் செய்த நல்ல காரியம் எல்லாம் அவள் கணக்கில் போயிற்று. பத்திரம், அடக்கம், அசடு எல்லாம் எனக்கு வந்தது.

இதில் வேடிக்கை, தனியாகப் போனவள் என்று பேர், ஆனால் நான் தனியாகவே இல்லை. எதைப் பார்த்தாலும் சாயங்காலம் இதை யார் பார்த்ததாகச் சொல்வது என்று யோசித்தபடியே நடந்தேன். சந்தையில் மூங்கில் கூடையில் ஒட்டும் சோறு விற்ற ஒரு கிழவியோடு கையைக் காலை ஆட்டி அரைமணி பேசிச் சிரித்தேன். எழுந்து வரும்போதே, இதை அந்த அனுஷக்காரிக்குக் கொடுக்கக் கூடாது, இதை நானே வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. அப்படி எனக்கென்று வைத்துக்கொண்டது மொத்தத்தில் நாலைந்து இருக்கும்.

லாவோஸில் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். அங்கே காய்ச்சல் வந்தது. நூற்றுமூன்று. தங்கியிருந்த அறை மரத்தடுப்பு வைத்தது, ஒரு கொசுவலை, ஒரு மின்விசிறி. எழுந்து கழிப்பறைக்குப் போய்வரச் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சாயங்காலம் அம்மாவின் அழைப்பு வந்தது. எடுக்காவிட்டால் பதறுவாள். வீடியோ வேண்டாம் என்று சிக்னலைக் குறை சொல்லிவிட்டுக் குரலில் மட்டும் பேசினேன்.

"ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ராத்திரி தூக்கம் இல்லம்மா. அவளுக்குக் காய்ச்சல்."

அம்மா பதறவில்லை. அது அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு வந்த காய்ச்சல், அதற்கு என்ன செய்ய வேண்டுமோ அதைத் தெளிவாகச் சொன்னாள். நெற்றியில் ஈரத்துணி போடு, காய்ந்துபோக விடாதே. கஞ்சியில் உப்புப் போட்டுக் கொடு. அரைமணிக்கு ஒரு தடவை தண்ணீர். மாத்திரை வெறும் வயிற்றில் வேண்டாம். நாளைக்கும் இறங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சோதித்துவிடு. "கிட்டயே உக்காரு. வேடிக்கை பாக்கக் கிளம்பிடாத. அவளைப் பெத்தவ எங்க இருக்காளோ, பாவம். நீ நல்லா பாத்துக்கணும், என்ன?" பாத்துக்கிறேம்மா என்றேன். போனை வைத்துவிட்டு ஒரு பாட்டம் அழுதேன். பிறகு எழுந்து துண்டை நனைத்து நெற்றியில் போட்டுக்கொண்டேன். விடுதிக்காரப் பெண்ணிடம் சைகையில் கேட்டுக் கஞ்சி வாங்கிக் குடித்தேன். அம்மா சொன்னது ஒன்றையும் விடவில்லை. மூன்றாம் நாள் இறங்கியது.

அவளுக்குச் சரியாகிவிட்டது என்று சொன்னபோது அம்மா, "நேந்துக்கிட்டேன்" என்றாள். "குணமாச்சுன்னா நீங்க ரெண்டு பேரும் வந்து மாவிளக்கு ஏத்துவீங்கன்னு அம்மன்கிட்ட சொல்லிட்டேன். ஒரே ராசி, உனக்கும் வராம இருக்கணுமே."

ஊர் திரும்பியபோது ஆனி முடிகிற வெயில். நான் பையை இறக்கும் முன்பே அம்மா, தோழியை எப்போது கூட்டிக்கொண்டு வருவாய் என்றாள். நான் கொண்டுவந்திருந்த சின்னச் சின்னச் சாமான்களை எடுத்துப் பார்த்துவிட்டு அம்மா அவளைப் பற்றியே பேசினாள். "மலையில பைக்ல போனாளே, என்ன தைரியம்!" பக்கத்து வீட்டில், சொந்தக்காரர்கள் போனில், எல்லோரிடமும் அவள் புகழ்தான். பக்கத்து வீட்டு அம்மாள் என்னைப் பார்த்து, "நீயும் கொஞ்சம் அவளை மாதிரி இருக்கக் கத்துக்கோயேன்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இல்லாத ஒருத்தி மேல் இவ்வளவு பொறாமை வரும் என்று நான் நினைத்ததில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே பெரிய காரியம், அது என் வீட்டில் என்னுடையதாக இல்லை.

அவளுக்கு புனேயில் வேலை கிடைத்துவிட்டது என்றேன். லீவில் வரட்டும் என்றாள். லீவு இல்லை என்றேன். ஆடி பிறந்தது. "நேர்த்திக்கடனைத் தள்ளிப்போடக் கூடாது. கடைசி வெள்ளிக்குள்ள வரச் சொல்லு. டிக்கெட் வேணா நாம போட்டுக் குடுப்போம்." இரண்டு நாள் நெஞ்செரிச்சல் வந்து படுத்துவிட்டு, நேர்த்திக்கடன் நிற்பதால்தான் இது என்றாள். நிஜமாகவே பயந்திருந்தாள். தூங்கவும் இல்லை.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. பழைய ஆபீஸில் கூட வேலை பார்த்த ஒருத்தி அடையாறில் இருக்கிறாள், அவளைப் போய்ப் பார்த்தேன். ஒரு மணி நேரம் என் தோழியாக நடிக்க முடியுமா என்று கேட்டேன். கதையைக் கேட்டு மேஜையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். மாவிளக்கு என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. "சாரிப்பா. அம்மன் முன்னாடி வேற ஒருத்தி நட்சத்திரத்துல நான் வந்து நிக்க மாட்டேன். உங்கம்மாகிட்ட சொல்லிடேன்" என்றாள். இவ்வளவு சின்ன யோசனை எனக்கு ஏன் வரவில்லை என்று திரும்பி வரும் ஆட்டோவில் என் மேலேயே கோபமாக வந்தது.

கடைசி வெள்ளி காலை. ஊறவைத்து உலர்த்திய பச்சரிசியை அம்மா மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வெல்லம் தட்டி வைத்திருந்தது. தட்டில் திரி இரண்டு.

"எத்தனை மணிக்கு வரா?"

"வர மாட்டாம்மா."

"மறுபடியும் லீவு இல்லையா?"

"அப்படி ஒருத்தி கிடையாதும்மா. நான் தனியாத்தான் போனேன்."

கத்துவாள் என்று நினைத்தேன். கை மாவுச் சல்லடையிலேயே நின்றது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து முப்பத்தெட்டு வருடம், அம்மாவின் ஊர்ப்பேச்சு தேய்ந்தே போய்விட்டது. மனசு நிலைகொள்ளாதபோது மட்டும் திரும்பி வரும்.

"அப்பம் பைக்ல மலைக்குப் போனது?"

"நான்தான்."

"ஆத்துல இறங்குனது?"

"நான்தாம்மா."

சல்லடையைக் கீழே வைத்தாள். "ஏட்டி, அப்பம் அன்னைக்குக் காய்ச்சல் யாருக்கு?"

"எனக்கு."

மாவுக் கையோடு எழுந்து வந்து என் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் போய் மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. கையை எடுக்கவில்லை.

"உங்கிட்ட அவளைப் பாத்துக்கச் சொன்னேன்" என்றாள். "உன்னைப் பாத்துக்கன்னு நான் யார்ட்டயும் சொல்லலையேட்டி."

நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. "எனக்குன்னு தெரிஞ்சிருந்தா நீ அழுதிருப்பே. நான் என்ன பண்ணணும்னு உனக்குச் சொல்லத் தெரிஞ்சிருக்காது" என்றேன். "அழுதா அழுதுட்டுப் போறேன். அது என் பாடு. அதை எதுக்கு எங்கிட்ட இருந்து எடுத்த?" என்றாள்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் எதிரே வந்து உட்கார்ந்து, "முதல்ல இருந்து சொல்லு. எந்த ஊர், எத்தனை நாள், எங்க தங்கினே. ஒண்ணும் விடாத" என்றாள். சொன்னேன். ஒவ்வோர் ஊரின் பெயரையும் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மூங்கில் கூடைக் கிழவியையும் சொன்னேன். பைக்கில் போனதைச் சொல்லும்போது என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. பிறகு எழுந்து மாவைப் பிசைந்து ஒரே ஒரு விளக்குதான் செய்தாள். "காய்ச்சல் வந்தவளும் நீ, குணமானவளும் நீ. நேந்தது உனக்குத்தான்."

ஆடிக் கடைசி வெள்ளி, கோயிலில் கூட்டம் தெருவரைக்கும் நின்றது. விளக்கை ஏற்றிவிட்டு நாங்கள் சன்னதிக்கு வந்தபோது பூசாரி அம்மாவைப் பார்த்ததும் தானாகவே, "கேட்டை, அனுஷம்" என்று ஆரம்பித்தார். அத்தனை வெள்ளிக்கிழமை கேட்டுப் பழகியவர்.

"கேட்டை மட்டும்" என்றாள் அம்மா.

கண்ணை மூடிக் கும்பிட ஆரம்பித்தாள். தீபாராதனை முடிந்தது. குங்குமம் வந்து போயிற்று. அவள் நகரவில்லை. இடுப்பில் குழந்தையோடு பின்னால் நின்றிருந்த பெண், "இன்னாம்மா, எம்மாம் நேரம்? நவுரு, பின்னாடி இத்தினி பேரு நிக்கிறாங்கல்ல" என்றாள். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் அம்மாவின் முழங்கையைப் பிடித்து இழுப்பவள் நான்தான். அன்றும் பிடித்தேன். அப்போதுதான் அவள் முணுமுணுப்பது காதில் விழுந்தது. ஹனோய் என்றாள். கொஞ்சம் விட்டு, அதற்கு அடுத்து நான் போன ஊரின் பெயர்.

முழங்கையை விட்டுவிட்டேன்.

"கொஞ்சம் பொறுத்துக்கோங்கக்கா" என்றேன் பின்னால் திரும்பி. "அவங்களுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு."