சுவர் தாண்டிய கொடி ரோஜா

பன்னீர்செல்வம் பிறந்த குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. சிறு வயதில் அவர்களுடைய ஆடு ஒன்று அடுத்தவர் கொல்லைக்குள் புகுந்துவிட, அப்பா ஊர் நடுவில் கைகட்டி நின்று திட்டு வாங்கியதைக் கண்ணால் பார்த்தவர். நெய்வேலிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்து, பர்மனென்ட் ஆகி, தோட்டத்தோடு குவார்ட்டர்ஸ் கிடைத்த பிறகும் அந்தக் காட்சி அவரை விடவில்லை. நம்முடையது எதுவும் பிறத்தியார் எல்லைக்குள் போகக்கூடாது என்பதில் கறாராக இருந்தார்.

மனைவி விருத்தாம்பாள் பண்ருட்டியிலிருந்து ஒரு கொடி ரோஜாக் கன்று வாங்கிவந்து பின்சுவரோரம் நட்டாள். லேசுப்பட்ட கொடியா அது! நல்ல மழை பெய்தால் போதும், தாவித் தாவி ஏறியது. சுவரின் தலையைத் தொட்டதும் பன்னீர்செல்வம் கத்தரியை எடுத்து அடிவரை ஒட்ட வெட்டிவிடுவார். அந்தப் பக்கம் அடுத்த வீட்டுப் பிரபாவதி டீச்சர் துணி காயப்போடும் கம்பி இருந்தது. வருஷங்கள் போயின. இலையும் முள்ளும்தான் மிச்சம், பூவைக் காணோம்.

"வெட்டிகினே இருந்தா எங்கேருந்துங்க பூக்கும்?" என்பாள் விருத்தாம்பாள்.

"டீச்சரம்மா பொடவை முள்ளுல கிழிஞ்சா நீ போயி பதில் சொல்றியா?"

போன வருஷம் ஷிஃப்ட் முடிந்து வரும்போது வண்டி சறுக்கி அவருக்குக் கால் முறிந்தது. மாதக்கணக்கில் படுக்கை. கொடி சுவரேறிப் போவதை ஜன்னல் வழியே பார்த்துப் பதைத்தார். வெட்டச் சொன்னால் விருத்தாம்பாள் காதில் விழாதது போல் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

தை மாதத்தில் ஒருநாள் காலை டீச்சரே வாசலுக்கு வந்துவிட்டார். பன்னீர்செல்வம் அவசரமாகப் படுக்கையிலிருந்து எழப் பார்த்தார்.

"மன்னிச்சுக்குங்க டீச்சர். கால் சரியானதும் மொத வேலையா வெட்டிடறேன்."

"ஐயோ, வெட்டிடாதீங்கன்னு சொல்லத்தான் வந்தேன். எங்க பக்கம் வந்து பாருங்கண்ணே."

மனைவியின் தோளைப் பற்றியபடி மெல்ல நடந்து போனார். இத்தனை காலம் பக்கத்து வீட்டில் இருந்தும் அந்தத் தோட்டத்தில் அவர் கால் வைத்ததில்லை. அங்கே சுவரே தெரியவில்லை. கொத்துக் கொத்தாக இளஞ்சிவப்புப் பூக்கள், சுற்றிலும் தேனீக்கள். துணிக்கம்பியை டீச்சர் என்றைக்கோ மறுகோடிக்கு மாற்றியிருந்தார்.

கிட்டே போய்ப் பார்த்தார். புதுத் தளிரில் ஒரு மொட்டுகூட இல்லை. போன வருஷம் ஓடி முற்றிய கொடியில்தான் அத்தனை பூவும்.

"இதையா வெட்டி வெட்டிக் குப்பையில போட்டேன்!" என்றார்.

டீச்சர் நாற்காலி போட்டு டீ கொடுத்தார். விருத்தாம்பாள் யாரையும் கேட்காமல் ஒரு கொத்தைக் கிள்ளித் தலையில் செருகிக்கொண்டாள். அதட்ட வாயெடுத்த பன்னீர்செல்வம், டீச்சரும் ஒன்று பறித்துச் செருகுவதைப் பார்த்துவிட்டு, டீயை ஊதிக் குடித்தார்.