ஓரத்தில் ஒட்டிய துணுக்கு

ஆய்வுக்கூடத்தில் கத்தி அக்கா என்றால்தான் அவளைத் தெரியும். மெழுகில் புதைத்த மூளைத் திசுவை முடியைவிட மெல்லிசாகச் சீவி, வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்தி எடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவள் வாயும் கத்திதான்.

மூன்று வருடமாக அந்த வாய்க்கு அகப்பட்டவர் அவள் கணவர். ஏணியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட எலக்ட்ரீஷியன். காயம் ஆறிவிட்டது, ஸ்கேனிலும் ஒன்றுமில்லை என்றார்கள். ஆனாலும் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறப்பார், கேட்டதையே கேட்பார். "வேலைக்குப் போக உடம்பு வளையல, அதான் இந்த நடிப்பு" என்று ஒருநாள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

ஒரு நாள் காலை ஆய்வுக்கூடத்தில் டாக்டரம்மா நுண்ணோக்கியிலிருந்து தலையை நிமிர்த்தினார். "என்னக்கா, சாயத்தை வடிகட்டாம ஊத்திட்டீங்களா? ஒரே திட்டுத் திட்டா இருக்கு. அம்பது தகடும் குப்பைக்குத்தான்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. இருபது வருடத்தில் இப்படி ஒரு பேச்சு வாங்கியதில்லை. தலையில் அடிபட்டுப் பிழைத்து, பிறகு வேறு காரணத்தால் இறந்தவர்களின் மூளைத் துண்டுகள் அவை. செல்லுக்குள் கழிவைச் செரித்துத் தள்ளும் குட்டிப் பைகளைக் காட்டும் சாயம் அது. பைகள் பொடிப் புள்ளிகளாகத்தான் தெரிய வேண்டும்.

அவளுக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் அடிபடாத மூளையிலிருந்து ஒரு துணுக்கையும் சேர்த்து ஒட்டுவாள். கத்தி அக்காவின் தகட்டுக்கும் துணை வேண்டும் என்று எல்லோரும் கேலி செய்வார்கள்.

"ஓரத்தைப் பாருங்க டாக்டர். ரெண்டும் ஒண்ணா ஒரே சாயத்துல கிடந்ததுதானே?"

ஓரத்துத் துணுக்கில் பொடிப் புள்ளிகள் சுத்தமாக இருந்தன. அடிபட்ட துண்டில் மட்டும் பைகள் செரிக்காத கழிவோடு உப்பிக் கிடந்தன. ஐம்பதையும் பார்த்து முடிக்க மதியமானது.

"சாயத்துல தப்பில்லக்கா. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

"இவங்கல்லாம் அடிபட்டு எத்தனை நாள் கழிச்சு செத்தாங்க?"

"ஒரு வருஷம், ரெண்டு வருஷம். வெளிக்காயம் எப்பவோ ஆறிடுச்சு. உள்ள குப்பை இன்னும் தேங்கித்தான் இருக்கு. எல்லாருக்கும் இப்படித்தானான்னு இனிமேதான் பார்க்கணும்."

ஜெயித்த சந்தோஷம் அவளுக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது.

வீட்டில் கணவர் கதவைத் திறந்தார். "சாப்ட்டியா?"

"சாப்ட்டேங்க."

செருப்பைக் கழற்றுவதற்குள், "சாப்ட்டியா?" என்றார் மறுபடியும்.

வழக்கமாக எரிந்து விழுந்திருப்பாள். இன்று பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "சாப்ட்டேங்க. நீங்க நடிக்கலைங்க. அன்னைக்கு நான்தான் தப்பா பேசிட்டேன்."

அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"அது மட்டும் எனக்கு மறக்கவே இல்ல" என்றார்.