எட்டு சிலிண்டரும் ஓர் அடைக்கோழியும்

கார் மெக்கானிக் தொழிலில் ஒரு வசதி உண்டு: நகக்கண்ணில் எப்போதும் கிரீஸ் இருப்பதால் சொந்தக்காரர் கல்யாணத்தில் நம்மை யாரும் பந்தி பரிமாறக் கூப்பிட மாட்டார்கள். மற்றபடி வசதி என்று சொல்ல ஒன்றுமில்லை. ஓடாத வண்டியை ஆசைப்பட்டு வாங்கிவிட்டு வீட்டில் பதில் சொல்லத் தெரியாமல் முழித்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், வருத்தமில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மில்லில் ஃபிட்டர் வேலையை விட்டுவிட்டு, கோயமுத்தூர் சிங்காநல்லூரில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டில் கார் ஒர்க்‌ஷாப் ஆரம்பித்திருந்தேன். காற்றடிக்கவும் வழி கேட்கவும் மட்டும் ஆட்கள் வந்தார்கள். ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு வண்டியை எழுப்பி நிறுத்தினால்தான் என்னை மெக்கானிக் என்று நம்புவார்கள் போலிருந்தது. அந்த நேரத்தில், கிணத்துக்கடவு பக்கம் ஒரு தோப்பில் பழைய அமெரிக்கக் கார் ஒன்று சும்மா கிடக்கிறது என்று காதில் விழுந்தது. அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் மனைவி சாந்தாமணியின் அண்ணன் பழனிச்சாமி அதே மில்லில் மேஸ்திரி. நான் விட்டுவந்த இடத்தில் யாரையும் போடவிடாமல் எனக்காகப் பிடித்து வைத்திருந்தார். நல்ல மனுஷன், என்ன, என்னை மட்டும் நம்ப மாட்டார். கார் விஷயத்தைக் கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து கெடு வைத்தார். "தைப்பூசத்துக்குள்ள அந்த வண்டி யாரும் தள்ளாம கிணத்துக்கடவு போயித் திரும்பி வந்துபோடோணும்ங்க மாப்ள. இல்லீன்னா ஷெட்டப் பூட்டிப்போட்டு மில்லுக்கு வந்துருங்க."

பின் சீட்டில் குடித்தனம்

தோப்புக்காரர் நாச்சிமுத்து அண்ணன் கொப்பரைக் களத்து ஓரத்துக் கொட்டகைக்குக் கூட்டிப்போய் கித்தானை விலக்கினார். இரண்டே கதவு, நீண்ட பானட், பின்னால் சரிந்து இறங்கும் கூரை. நின்ற இடத்திலேயே ஓடுகிற மாதிரி ஒரு தோரணை. ஒரு காலத்தில் மில் முதலாளி வீட்டுப் பையன் ஊட்டி மலையில் பறந்த வண்டியாம். இப்போது நாலு சக்கரமும் மண்ணில் புதைந்து, கண்ணாடியில் எச்சம் காய்ந்து கிடந்தது. எனக்கு அதெல்லாம் கண்ணில் படவே இல்லை. பேரம்கூட ஒழுங்காகப் பேசாமல் முன்பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். சீட்டின் பஞ்சைக் கிளறி அதன் மேல் உட்கார்ந்திருந்த ஒரு கோழி என் கையைக் கொத்தியது. அண்ணன் சம்சாரம் ராமாத்தாள் அக்கா ஓடிவந்தார். அடை வைத்த கோழியைக் கிளப்பக் கூடாது, குஞ்சு பொரிக்கும்வரை வண்டியைத் தொடக் கூடாது, பானட்டைத் திறந்து சத்தம்கூடப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். தைப்பூசக் கெடுவை எடுத்துச் சொன்னேன். அக்கா கோழியைத் தடவிக்கொடுத்துக்கொண்டே சொன்னார்: "இத்தன வருசமா நவுராத வண்டிங்க. அதுக்குள்ள ஓடியா போயிருது?"

எஞ்சின் எங்கே?

குஞ்சுகள் வெளியே வந்த அன்று நான் பானட்டைத் திறந்தேன். உள்ளே தேங்காய் மட்டை அடுக்கியிருந்தது. மட்டையை எல்லாம் எடுத்துப் போட்டுப் பார்த்தால் அதற்கடியில் தரை தெரிந்தது. முன்பணம் கொடுக்கும் முன் பானட்டைத் திறந்து பார்க்காத ஒரே மெக்கானிக் இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன்.

அண்ணன் கொஞ்சமும் பதறாமல் என்னைக் கிணற்று மேட்டுக்கு நடத்திக்கொண்டு போனார். ஒரு காங்கிரீட் திண்டில் போல்ட்டு போட்டு இறுக்கி, பம்போடு சேர்த்து, அமெரிக்காவின் எட்டு சிலிண்டர் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடித் தென்னைக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. கரண்ட் கனெக்‌ஷனுக்கு எழுதிப் போட்டது இன்னும் வரவில்லையாம். என் முகம் போன போக்கைப் பார்த்து அண்ணனுக்கே பாவமாகிவிட்டது. "எஞ்சினுக்குத்தானுங்க தம்பி நாங்க வண்டியவே வாங்குனோம். இந்த டப்பா அதுகூடச் சும்மா வந்துதுங்க."

கடைசி மரம்

எஞ்சினைக் கொடுக்க அண்ணனுக்குச் சம்மதம்தான். தண்ணீர் பாய்ச்சுவது ராமாத்தாள் அக்காவின் இலாகா என்பதால் அவர் சம்மதம்தான் பெரிய சம்மதம். எஞ்சின் சத்தம் கேட்டதும், எங்கே இருந்தாலும் சரி, அக்கா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் போய் மடை திருப்புவார். சத்தத்தை வைத்தே தண்ணீர் எந்த வரிசையில் போகிறது என்று சொல்லுவார். மரத்துக்கு ஒரு பாசனம்கூடத் தவறக் கூடாது என்பதுதான் அவர் கட்டளை.

உடுமலைப்பேட்டையில் ஒருவர் வீட்டு மூலையில் கிடந்த டீசல் பம்ப்செட்டை வாங்கி, ஷெட்டில் போட்டு நானே சரிசெய்து, மாற்றாகக் கொண்டுபோய் இறக்கினேன். அது ஓட ஆரம்பித்ததும் அக்கா தோப்பின் கடைசி மரத்துக்கே போய் நின்றுவிட்டார். தண்ணீர் அங்கே போய்ச் சேரும்வரை நான் கிணற்று மேட்டில் கல்லாய் நின்றேன். அக்கா நனைந்த காலோடு திரும்பி வந்து தீர்ப்புச் சொன்னார்: "சத்தந்தான் நல்லால்லீங்க. தண்ணி பரவால்ல, எடுத்துட்டுப் போங்க."

பொள்ளாச்சி ரோடு

டிராக்டர் டிரெய்லரில் எஞ்சினை ஏற்றி, அதன் பின்னால் காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு கோயமுத்தூருக்குப் புறப்பட்டோம். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வழியில் வேடிக்கை பார்த்தவர்களுக்கெல்லாம் கை காட்டினேன் என்று ஒப்புக்கொள்கிறேன். ஒரு கோழிக்குஞ்சு பின் சீட்டிலேயே தங்கிவிட்டது எனக்குத் தெரியாது. அது பாதி வழியில் என் தோளில் ஏறி உட்கார்ந்தது. பொள்ளாச்சி பஸ் ஒன்று எங்களை ஒட்டி வந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு காரைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், குஞ்சைப் பார்த்தார். "ஏனுங்ணா, மெதுவாப் போங்க. டிராக்டர ஓவர்டேக் பண்ணிப்போடாதீங்க."

ஆறு போதும்

எஞ்சினைப் பிரித்தபோது மனசு விட்டுப்போனது. ஆறு சிலிண்டர் கரி பிடித்துத் தேய்ந்திருந்தன. மற்ற இரண்டு மட்டும் நேற்று வாங்கியவை மாதிரி பளபளத்தன. அவற்றின் வால்வைத் தூக்கிவிடும் கம்பிகளைக் காணோம். அந்தக் கம்பிகள் இல்லாமல் அந்த இரண்டும் வேலை செய்யாது. அந்த எஞ்சினுக்குக் கம்பி இந்தியாவில் எந்தக் கடையிலும் கிடைக்காது.

மறுபடியும் பஸ் ஏறிக் கிணத்துக்கடவு போனேன். மண்ணெண்ணெய் செலவாகிறதே என்று அண்ணன்தான் இரண்டு சிலிண்டரை ஓய்வில் வைத்திருந்தார். கம்பிகளை அவர் தூக்கிப் போடவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் எதையும் தூக்கிப் போட மாட்டார்கள். ஒன்று கோழிக்கூட்டுக்குத் தாழ்ப்பாளாக இருந்தது. ஒன்று துணிக்கொடி கட்டும் முளையாக இருந்தது. மிச்சம் இரண்டும் கூரை எரவாணத்தில் செருகியிருந்தன. எல்லாவற்றையும் துடைத்து என் கையில் கொடுத்தார். இப்படிச் செய்யலாமா அண்ணா என்று கேட்டேன். அவர் கிணற்றைக் காட்டினார். "எட்டும் ஓடுச்சுன்னா கெணறு காஞ்சு போயிருமுங்க தம்பி. தண்ணிக்குத் தக்கனதான எஞ்சின் ஓடோணும்?"

வீட்டில் விசேஷமா?

கிணற்றுத் தண்ணீரையே எஞ்சினுக்குள் விட்டுக் குளிர வைத்திருந்ததால் உள் வழியெல்லாம் உப்பு படிந்து அடைத்திருந்தது. இப்படியே ஓட்டினால் ஈச்சனாரி தாண்டும் முன் கொதித்துவிடும். சுரண்ட வழியில்லை. ஷெட்டுக்குச் சோறு கொண்டுவந்த சாந்தாமணி உள்ளே விரலை விட்டுப் பார்த்துவிட்டு, வெந்நீர் காய்ச்சும் போசியில் படிகிற அதே உப்புதான், புளியைக் கரைத்து ஊற்றி ஊறவையுங்கள் என்றாள். எனக்கும் வேறு யோசனை இல்லை. வாரக் கணக்கில் புளி கரைத்தோம். வெள்ளை வெள்ளையாகக் கழன்று வந்தது. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது, கையெல்லாம் கிரீஸ்.

மளிகைக் கடைக்காரர்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நான் நாலாவது தடவை போய் மொத்தமாகப் புளி கேட்டபோது, நிறுத்துக்கொண்டே கேட்டுவிட்டார்: "ஏனுங்க, ஊட்டுல இத்தாப் பெரிய விசேஷம் வெச்சிருக்கறீங்க, எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லலீங்களே?"

எத்தனை அடி?

எஞ்சினுக்குள் தண்ணீரைச் சுற்றவிடும் சின்ன பம்பு ஒன்று உண்டு. கிணற்று மேட்டில் அதற்கு வேலையில்லாததால் அது எப்போதோ காணாமல் போயிருந்தது. பம்ப்செட்டுக்கே பேர்போன கோயமுத்தூரில் இருந்துகொண்டு பம்புக்குக் கவலைப்படுவது அவமானம். ஊருக்குள்ளேயே கணபதிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு ஃபவுண்டரிக்காரரிடம் போனேன். போல்ட்டு ஓட்டைகளை அளந்து மரத்தில் நான் செதுக்கிய மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வார்த்துவிடலாம் என்றார். கார் என்று விளக்கமாகச் சொல்லியும், பம்ப்செட் வார்த்தே பழகிய மனுஷன் சீட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு கேட்டார்: "அதெல்லாம் சேரீங்க. கெணறு எத்தன அடி ஆழமுங்க?"

கிணத்துக்கடவுக்கு

தைப்பூசத்துக்கு முந்தின நாள்தான் வண்டி முழுசாக எழுந்து நின்றது. பெயின்ட் இல்லை, பம்பர் ஒன்றுதான் இருந்தது. எட்டு சிலிண்டரும் உறுமியபோது ஷெட்டின் தகரம் அதிர்ந்தது, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மச்சான் பழனிச்சாமி வெள்ளை வேட்டியில் வந்து ஏறினார். மடியில் ஒரு குடம் நிறையத் தண்ணீர். எதற்கு என்றேன். கொதிக்கும்போது தேடக் கூடாது பாருங்கள் என்றார்.

ஈச்சனாரியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். ஒத்தக்கால்மண்டபம் தாண்டியதும் ரசம் கொதிக்கிற வாசனை வந்தது. மச்சான் குடத்தைத் தூக்கிவிட்டார். எனக்கு மில்லின் சங்குச் சத்தமே காதில் கேட்டது. ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால், எஞ்சின் மேல் சிந்திக் காய்ந்திருந்த புளி சூட்டில் மணத்துக்கொண்டிருந்தது. சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டவே இல்லை. மச்சான் குடத்தைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டார்.

தோப்புக் களத்தில் எஞ்சினை அணைக்காமல் நிறுத்தினேன். நாச்சிமுத்து அண்ணன் வந்து தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, எட்டும் ஓடுகிறது என்று அவரே சொல்லிக்கொண்டார். அக்கா எங்கே என்று கேட்டேன். தோப்புக்குள்ளிருந்து அக்கா சேலையைத் தூக்கிச் செருகியபடி மண்வெட்டியோடு வந்துகொண்டிருந்தார். சத்தத்தைக் கேட்டவுடன் போய் மடையைத் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். காரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "சத்தம் அப்பப் புடிச்சு வருது, தண்ணியக் காணமேங்க?"

நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது மச்சான் மட்டும் இறங்கிப் போனார். திரும்பிப் போகிற வழி முழுசும் பாக்கியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். குடத்துத் தண்ணீரை ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைக்காமல் தென்னை மூட்டில் ஊற்றினார். வெறும் குடத்தைப் பின் சீட்டில் போட்டுவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "மில்லுல அந்த எடத்துக்கு வேற ஆளப் போடச் சொல்லிப்போடறனுங்க மாப்ள. வண்டிய எடுங்க."

அந்த வண்டியால் என் ஷெட் நிலைத்தது, ஊரும் என்னை மெக்கானிக் என்று நம்பியது, ஆனால் நான் அதை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சத்தத்தைக் கேட்டு மடை திருப்ப ஓடும் ராமாத்தாள் அக்காவின் கால்களை மட்டும் என்னால் இன்றுவரை ரிப்பேர் பார்க்க முடியவில்லை.